ஆற்று மீட்புக் குழுவுக்குத் தேநீர் மொய்: நீங்கள் கேட்டதும் நாங்கள் சொல்வதும்

ஆடிப்பெருக்குக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, குளித்தலையிலும் காவிரிக்கு அக்கரையில் முசிறியிலும் சில டீக்கடைகளில் தேநீர் மொய் நடக்கிறது. அன்று காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை அந்தக் கடைகளில் டீக்கு விலை கிடையாது. குடித்துவிட்டு, கல்லாப் பக்கத்தில் வைத்திருக்கும் பித்தளைச் சருவத்தில் உங்களால் முடிந்ததைப் போடலாம். சேரும் பணம் முழுவதும் நம் ஆற்று மீட்புக் குழுவுக்கு. பாலும் சர்க்கரையும் தேயிலையும் கடைக்காரர்கள் தங்கள் செலவில் தருகிறார்கள்.

நோட்டீஸ் கொடுக்கப் போன இடங்களில் பலரும் நின்று கேள்வி கேட்டார்கள். சிலர் கோபமாகக் கேட்டார்கள். கேட்டது எல்லாமே நியாயமான கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

யாருங்க இந்தக் குழு? நாங்க பார்த்திருக்கோமா?

பார்த்திருப்பீர்கள். தைப்பூசத்தன்று கடம்பந்துறைக்குச் சுற்று வட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும்போது, படித்துறைக்கு அப்பால் இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு கட்டி நிற்பவர்கள் இவர்கள்தான். பரிசல் ஓட்டிய குடும்பத்துப் பிள்ளைகள், வலை வீசுகிறவர்கள், முன்பு மாட்டு வண்டியில் மணல் ஏற்றியவர்கள், ஓர் உடற்கல்வி ஆசிரியர், ஒரு செவிலியர் என்று பலரும் இருக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. போன் வந்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடி வருவார்கள். அன்றைய கூலி அவர்களுக்குப் போனது போனதுதான்.

ஃபயர் சர்வீஸ் இருக்கே. அது அரசாங்கத்தோட வேலைதானே, நாம ஏன் காசு போடணும்?

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் வேலைதான். அவர்கள் வருகிறார்கள், இறங்குகிறார்கள், உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. பெரிய வெள்ளம் என்றால் அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியனும் வரும்.

பிரச்சினை தூரமும் நேரமும். நிலையத்திலிருந்து வண்டி கிளம்பி, சாலையை விட்டு இறங்கி, வாழைத்தோப்புக்குள் பாதை தேடி, மணல் திட்டுக்கு வந்து சேர வேண்டும். தண்ணீருக்குள் இருப்பவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. கரையில் குடியிருப்பவரால் மட்டும்தான் அந்த முதல் நிமிடங்களில் அங்கே இருக்க முடியும். தீயணைப்புத் துறையினர் வந்த பிறகு பொறுப்பு அவர்களுடையது. எங்கள் ஆட்கள் அவர்கள் சொல்கிற இடத்தில், அவர்கள் சொல்கிற வேலையைச் செய்வார்கள்.

உள்ளதைச் சொல்லுங்க, இதுவரைக்கும் நீங்க உயிரோட எடுத்தது அதிகமா, பிணமா எடுத்தது அதிகமா?

முழுதாக மூழ்கியவரைத் தேடி முங்கினால், பெரும்பாலும் உடலைத்தான் எடுக்கிறோம். இதை மறைத்து உங்களிடம் பணம் கேட்க எங்களுக்கு மனம் வராது. மூச்சு நின்று 4 முதல் 6 நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும். கலங்கிய தண்ணீரில், ஆள் போன இடம் சரியாகத் தெரியாமல், அந்த நேரத்துக்குள் ஒருவரைக் கண்டுபிடித்துத் தூக்குவது அரிது.

உயிரோடு மீட்கப்படுகிறவர்கள் அநேகமாக எல்லோருமே மேலே தத்தளித்துக்கொண்டிருக்கும்போதே கயிறோ டியூப்போ கையில் கிடைத்தவர்கள். அதனால்தான் எங்கள் செலவுப் பட்டியலில் முதல் இடம் கரையில் வைக்கும் பொருட்களுக்கு. முங்கும் கருவிகள் அதற்கு அடுத்துதான் வருகின்றன.

அப்படியென்றால் முங்கும் கருவி எதற்கு என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் பையன்கள் குதிக்கத்தான் போகிறார்கள். கரையில் ஒரு தாய் கதறிக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டி நிற்கிற ஊர் இது இல்லை. குதிக்கிறவன் திரும்பி வர வேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் போன செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! இரண்டு, உடல் கிடைக்காத வீட்டின் நிலை. அடுப்புப் பற்ற வைக்க முடியாது, காரியம் செய்ய முடியாது, ஆற்றங்கரையை விட்டு எழுந்து போகவும் முடியாது. கோடைச் சூட்டுத் தண்ணீரில் உடல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக மேலே வரும். அந்த இரண்டு மூன்று நாளை ஒரு குடும்பம் கரையில் எப்படிக் கழிக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில்லை.

நாங்க சின்ன வயசுலேருந்து குளிக்கிற ஆறு. இப்ப மட்டும் ஏன் இத்தனை சாவு?

உங்கள் சின்ன வயதில் இருந்த ஆற்றுப் படுகை இப்போது இல்லை. மணல் அள்ளிய இடங்களில் குழிகள் கிடக்கின்றன. முன்பு முழங்கால், இடுப்பு, மார்பு என்று மெல்ல ஆழம் கூடும். இப்போது முழங்கால் அளவிலிருந்து அடுத்த எட்டு வைத்தால் இரண்டு ஆள் ஆழம். குழியின் விளிம்பு இளகிய மணல் என்பதால் ஏற முயன்றால் சரிந்து உள்ளேயே இழுக்கும். மேலே தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும். ஆறு வற்றிய மாதங்களில்கூட இந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கும். அதுதான் வெயில் காலத்தில் பிள்ளைகளை இழுக்கிறது.

இரண்டாவது காரணம், தண்ணீர் வரும் நேரம். மேட்டூர் அணை 1934இல் பாசனத்துக்கு வந்ததிலிருந்து, ஜூன் 12 என்றால் டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும் நாள் என்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் கர்நாடகத்தில் மழை கொட்டி அணை 120 அடியைத் தொட்டுவிட்டால், வருகிற தண்ணீரை அப்படியே கீழே விடுவார்கள். இங்கே ஒரு சொட்டு மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், ஆறு மட்டும் மணிக்கு மணி ஏறும். தண்டோராவும் ஒலிபெருக்கியும் எல்லாப் படித்துறைக்கும் வந்து சேருவதில்லை. மேலே மாயனூர் கதவணையில் திறக்கிற அளவைப் பொறுத்தும் இங்கே இழுவை மாறும்.

2023 பிப்ரவரியில் அதே மாயனூர் காவிரியில், விளையாட்டுப் போட்டிக்கு வந்த பள்ளி மாணவிகள் 4 பேர் மூழ்கி இறந்தார்கள். அந்த மாதம் வெள்ளக் காலமே இல்லை. வெளியூரிலிருந்து வந்த அந்தக் குழந்தைகளுக்கு எந்த இடம் ஆழம் என்று தெரிந்திருக்க வழியில்லை. வெளியூரார் இறங்கும் இடங்களில் உள்ளூர்க்காரர் ஒருவர் குரல் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பது அதற்குப் பிறகுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது சாவு நம்மைப் போன்ற நாடுகளில். ஜூலை 25ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. அது நமக்கு ஆடி மாதத்தில் வருகிறது.

சேர்ற பணத்துல என்னென்ன வாங்கப் போறீங்க?

முதலில் கயிறு. படித்துறை ஒவ்வொன்றிலும் ஒரு கம்பத்தில், மிதக்கும் கயிறு அடைத்த எறிபை ஒன்றும், லைஃப் பாய் வளையம் ஒன்றும். நைலான் கயிறு நனைந்தால் மூழ்கும், கையில் வழுக்கும். பாலிபுரொப்பிலீன் கயிறு மேலேயே மிதக்கும். பையின் வாயைத் திறந்து, கயிற்று நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பையை வீசினால், கயிறு தானாகப் பிரிந்துகொண்டே போகும். ஆற்றில் இறங்கத் தெரியாத ஒருவரும் கரையில் நின்றபடியே இதைச் செய்யலாம். எங்களைக் கேட்டால், இந்த நிதியிலேயே அதிக உயிரைக் காக்கப் போகிற பொருள் இதுதான்.

அடுத்து இறங்குகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட், இரவுக்குத் தலையில் மாட்டும் விளக்கு, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், ஸ்ட்ரெச்சர்.

பிறகு முங்குவதற்கான கருவி: காற்று சிலிண்டர், வாயில் கவ்வும் ரெகுலேட்டர், மிதவை ஜாக்கெட், முகக் கண்ணாடி, இடுப்பு எடைப் பட்டை, சிக்கினால் அறுக்க ஒரு கத்தி, கரையிலிருந்து பிடிக்கும் உயிர்க்கயிறு. அதோடு பயிற்சிச் செலவு. மூன்று இடங்களில் வாங்கிய விலைப் பட்டியல் மொய் நடக்கும் டீக்கடைகளிலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

மூச்சைப் பிடிச்சு முங்குறதுல நம்ம ஆளுங்க கில்லாடியாச்சே. சிலிண்டர் வேற எதுக்கு?

கில்லாடிகள்தான், சந்தேகமில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத செங்கலங்கல் தண்ணீரில், கையாலேயே அடி மணலைத் தடவித் தேடுகிறவர்கள். கொக்கிகள் கொத்தாக உள்ள பாதாளக் கரண்டியைக் கட்டி இழுத்துப் பார்ப்பதும் உண்டு. அது உடலைக் கிழித்துவிடும் என்பதால் முடிந்தவரை தவிர்க்கிறோம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மூச்சடக்கி முங்குகிறவருக்கு அடியில் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கு முன்னே பின்னே. இறங்கவும் ஏறவும் போக, தேடுவதற்கு அதில் பாதிதான் மிஞ்சும். அடுத்த முறை இறங்கும்போது தண்ணீர் அவரைத் தள்ளியிருக்கும். தேடிய இடத்தையே மறுபடி தேடுவார். சாதாரண ஸ்கூபா சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் உள்ளே 2,200 லிட்டர் காற்று. வேலை செய்கிற ஆள் நிமிடத்துக்கு 25 முதல் 30 லிட்டர் இழுப்பார். 6 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 1.6 மடங்கு என்பதால் செலவும் அந்த மடங்கு கூடும். கால் பங்குக் காற்றை அவசரத்துக்கென்று தொடாமல் வைத்தாலும் 35, 40 நிமிடம் அடியில் நின்று, வரிசையாக, விட்ட இடத்திலிருந்து தேட முடியும்.

மூச்சடக்கி முங்குவதில் வெளியே தெரியாத ஓர் ஆபத்தும் உண்டு. அதிக நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்குவார்கள். அப்படிச் செய்தால் உடம்பில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவதே அந்த வாயுதான். எச்சரிக்கை வராமலேயே மயக்கம் வந்துவிடும். பல மணி நேரம் மாறி மாறி முங்கிக் களைத்த ஆளுக்கு இது இன்னும் மோசம்.

சிலிண்டர் சரி, காத்து நிரப்ப ஏன் இவ்வளவு செலவு? பஞ்சர் கடையில பிடிக்க முடியாதா?

கூடவே கூடாது. இந்தக் கேள்வியைப் பலர் நல்லெண்ணத்தில் கேட்கிறார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறோம். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் எண்ணெய்ப் புகை கலந்து வரும். பக்கத்தில் டீசல் என்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகும். மேலே இருக்கும்போது தெரியாத அளவு விஷம், ஆழத்தில் அழுத்தம் கூடும்போது ஆளை மயக்கிவிடும். மூச்சுக் காற்றுக்கென்றே வடிகட்டி வைத்த கம்ப்ரசர் தனி. டயரில் பிடிக்கிற அழுத்தத்தைப் போல பல பத்து மடங்கு அழுத்தம் வேறு. பஞ்சர் கடைக் கம்ப்ரசரால் அது முடியாது.

இப்போதைக்கு கம்ப்ரசர் வாங்கும் எண்ணமில்லை. நிரப்பித் தரும் இடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் வரும் செலவும், சிலிண்டரைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்பும் செலவும் கணக்கில் சேர்த்திருக்கிறோம். வாங்கும்போது பணம் தருகிறவர்கள் நிறையப் பேர். ஐந்து வருடம் கழித்துச் சோதனைக்கு யாரும் தருவதில்லை. அதனால் அந்தத் தொகையை இப்போதே தனியாக ஒதுக்கி வைக்கிறோம்.

பயிற்சி இல்லாம சிலிண்டரை மாட்டினா ஆபத்துன்னு சொல்றாங்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். சிலிண்டர் காற்றை இழுத்தவர், அதை வெளியே விடாமல் மேலே வந்தால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். ஓரிரு மீட்டர் ஆழத்திலிருந்து வந்தாலும் இது நடக்கலாம். வாழ்நாள் முழுக்க மூச்சை அடக்கிப் பழகியவருக்குத்தான் இந்த ஆபத்து மிக அதிகம், ஏனென்றால் பழக்கம் அதைத்தான் செய்யச் சொல்லும். எனவே புதுச்சேரி, சென்னைப் பக்கம் உள்ள ஸ்கூபா பள்ளியில் முறையாகப் பயின்று சான்றிதழ் வாங்கியவர் மட்டும்தான் மாட்டலாம்.

கடலில் கற்றது ஆற்றுக்குப் போதாது. ஆற்றில் கண் தெரியாது, இழுவை உண்டு, முள்ளும் வலையும் கிடக்கும். இங்கே கயிறுதான் கண், கயிறுதான் வாய். கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். எத்தனை முறை சுண்டினால் என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். கீழே இருப்பவர் கயிறு இறுக்கமாக இருக்கும்படி வைத்துக்கொண்டு அரைவட்டமாகத் தடவி வருவார். ஒரு வட்டம் முடிந்ததும் கரையில் இருப்பவர் ஒரு முழம் கயிறு விடுவார், அடுத்த அரைவட்டம். கயிறு பிடிப்பவர் அந்த நேரத்தில் போன் எடுக்க மாட்டார், யாரோடும் பேச மாட்டார், கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவர் தோளைத் தட்டி ‘என்னண்ணே, கிடைச்சுதா’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

உடலை எடுத்துக் கொடுத்தா வீட்டாட்கள்ட்ட காசு வாங்குவாங்களாமே?

குழு தொடங்கியதற்கே காரணம் இதுதான். பல ஆற்றங்கரைகளில் நடப்பதுதான் இது. முங்கி எடுக்கத் தெரிந்தவர் ஏழை. அவருக்கும் அன்றைய பிழைப்பு போகிறது. யாரோ ஒருவர் இடையில் நின்று தொகை பேசுவார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் தாலிச் செயினைக் கழற்றி நீட்டும் நிலை வரும். குளிருக்கும் நாற்றத்துக்கும் தாங்கும் என்று முங்குகிறவருக்கு ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுப்பதும் உண்டு. குடித்துவிட்டு இறங்கியவர் கரை திரும்பாமல் போனதும் உண்டு.

எங்கள் விதி இரண்டே. பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, காரியம் முடிந்து அவர்களே தேடி வந்து கொடுத்தாலும் சரி. குடித்தவர் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஆனால் விதி மட்டும் போட்டுவிட்டு, முங்குகிறவரின் வீட்டில் அன்று உலை வைக்க வழி செய்யாவிட்டால் அது அநியாயம். அதனால் தேடுதலில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் கூலிக்குச் சமமான தொகையும் சாப்பாடும் இந்த நிதியிலிருந்து. நீங்கள் சருவத்தில் போடும் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அது தெரிந்தே போடுங்கள்.

முங்குறவருக்கே ஏதாவது ஆயிட்டா?

18 வயதுக்கு மேற்பட்ட எல்லா உறுப்பினருக்கும் வங்கி மூலம் பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா போட்டிருக்கிறோம். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். அது போதாது என்பது எங்களுக்குத் தெரியும். மீட்புப் பணி என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு ஒரு குழு விபத்துக் காப்பீடு எடுப்பது செலவுப் பட்டியலில் இருக்கிறது. மறைத்து எடுத்தால் பிரீமியம் குறையும், ஆனால் கேட்கும் நாளில் பணம் வராது.

மொய் செஞ்சா திரும்பச் செய்யணுமே, அதை எப்படிக் கணக்கு வைப்பீங்க?

இதில் திருப்பிச் செய்யும் மொய் இல்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் நடக்கும் மொய்விருந்தில் செய்தவருக்குத் திரும்பச் செய்தாக வேண்டும். நாம் எடுத்துக்கொண்டது அந்தப் பெயரையும், ஊரே கூடிக் கைகொடுக்கும் முறையையும்தான். புதுக்கோட்டைப் பக்கம் டீக்கடைகளில் இப்படித் தேநீர் மொய் வைத்துப் பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டியிருக்கிறார்கள். அந்த யோசனையைத்தான் நாமும் பின்பற்றுகிறோம்.

நோட்டில் பெயர் எழுத வேண்டாம் என்றால் எழுத மாட்டோம். யார் எவ்வளவு போட்டார் என்று மைக்கில் வாசிக்கவும் மாட்டோம். பத்து ரூபாய் போடுகிறவர் கூச்சப்பட்டு டீ குடிக்காமல் போய்விடக் கூடாது.

ஜிபேல போடலாமா? ரசீது உண்டா? வரி விலக்கு கிடைக்குமா?

போடலாம். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் எங்கள் குழுச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும். பணம் அனுப்பும்போது திரையில் தனி ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள், உடனே எங்களிடம் சொல்லுங்கள். 500 ரூபாய்க்கு மேல் என்றால் கேட்காமலே ரசீது தருவோம், அதற்குக் கீழே கேட்டால் தருவோம். சங்கம் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. 80ஜி எனப்படும் வரிச் சலுகைக்கான அனுமதி இன்னும் வரவில்லை. ஆகவே வரி விலக்கு கிடையாது. கிடைக்கும் என்று யாராவது சொல்லி வசூலித்தால் அவர் எங்கள் ஆள் இல்லை.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். அனுப்பலாமா?

உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது, தாராளமாக அனுப்பலாம். சிங்கப்பூர், மலேசியா அல்லது வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற அமைப்புதான் அந்தப் பணத்தை வாங்க முடியும். எங்களிடம் அந்தப் பதிவு இல்லை. நீங்கள் பிறந்து வளர்ந்த ஊர் என்றாலும் இப்போது வாங்க வழியில்லை. ஊருக்கு வரும்போது ஒரு நாள் படித்துறைக்கு வாருங்கள். பயிற்சிக்கு ஆள் தேவை.

பணமா இல்லாம பொருளா தரலாமா?

லாரி டியூப் தரலாம், ஒட்டுப்போடாததாக இருக்கட்டும். காலி மண்ணெண்ணெய் கேன், மூங்கில் கழி, பெரிய டார்ச் லைட், சுத்தமான போர்வை, வெள்ளை வேட்டி எல்லாம் தரலாம். பழைய லைஃப் ஜாக்கெட் வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை நாளாக ஆக அமுங்கிப் போயிருக்கும், வெளியே பளபளப்பாக இருக்கும். பழைய கயிறும் வேண்டாம்.

பொம்பளைங்க சேரலாமா?

சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு பெண்ணோ வளர்ந்த பெண் பிள்ளையோ மூழ்கியிருந்தால், ஆற்று இழுவையில் உடையெல்லாம் போயிருக்கும். கரையில் ஊரே போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும். தண்ணீரில் இருக்கும்போதே வேட்டியைச் சுற்றித்தான் எங்கள் ஆட்கள் தூக்குவார்கள். கரைக்கு வந்ததும் நான்கு பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடித்துச் சுற்றி நிற்க வேண்டும். அம்மாவைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். இது நீச்சல் தெரிந்தவர் செய்யும் வேலைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. நீச்சல் கற்றுக்கொள்ள விரும்பும் பெண்களுக்கு, பெண்களே நின்று சொல்லித்தரும் தனி நேரம் வைத்திருக்கிறோம்.

உடலை எடுத்தா போலீஸ், கேஸுன்னு அலையணுமா?

எடுத்தவர் அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194ஆவது பிரிவின்படி போலீஸார் விசாரித்துப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எங்கே, எந்த நேரத்தில் எடுத்தோம் என்று ஒரு வாக்குமூலம் கேட்பார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் இக்கரை கரூர் மாவட்டம், அக்கரை திருச்சி மாவட்டம். நடு ஆற்றில் கிடைத்தால் எந்த ஸ்டேஷன் எல்லை என்ற கேள்வி வரும். இரண்டுக்கும் தகவல் சொல்லிவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

நான் கரையில நிக்கும்போது ஒருத்தர் மூழ்கினா நான் என்ன செய்யணும்?

மொய் வைக்காவிட்டாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார். தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கி, கைகள் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். விளையாடுகிறார் என்று தோன்றும். பிள்ளைகள் திடீரென்று சத்தமில்லாமல் போனால் உடனே பாருங்கள்.

குதிக்காதீர்கள். நீச்சல் தெரிந்திருந்தாலும் முதலில் குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைக் கட்டிப் பிடித்து அழுத்துவார், உங்களையும் சேர்த்து. கத்திக் கூப்பிடுங்கள். கழி எட்டினால் நீட்டுங்கள், படுத்துக்கொண்டு நீட்டினால் உங்களை இழுக்காது. எட்டாவிட்டால் மிதக்கும் எதையாவது வீசுங்கள்: டியூப், மூடிய கேன், காலி குடம். கயிறு இல்லையென்றால் புடவை. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் 4 இளைஞர்கள் தண்ணீரில் சிக்கினார்கள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவையையே அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். அந்த மூவருக்கும் மாநில அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

ஒருவரை 112க்கோ 101க்கோ பேசச் சொல்லுங்கள், 108க்கும் சொல்லச் சொல்லுங்கள். ஆள் மறைந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ நேர்கோடாக அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, ‘கடைசியா எங்க பார்த்தீங்க’ என்பதுதான். ஆளுக்கொரு திசையைக் காட்டினால் எல்லாம் கைவிட்டுப் போகும்.

வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். குடத்தின் மேல் கவிழ்த்து வயிற்றை அமுக்காதீர்கள். அதில் நேரம்தான் வீணாகும், வாந்தியும் மூச்சுக்குழலில் ஏறிவிடும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையைத் தூக்கி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்து, 2 மூச்சு. பெரியவருக்கு 5 செ.மீ. ஆழம் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். கண் விழித்து எழுந்து உட்கார்ந்து ‘ஒண்ணுமில்லை’ என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறவைக்கும்.

மொய் நாளன்று பாலத்தடியில் ஒரு பொம்மையை வைத்து இதைச் செய்து காட்டுகிறோம். டீ குடித்துவிட்டு வந்து நீங்களும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியும்.

பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருவீங்களா?

ஆறு வயதிலிருந்து. சுரைக்குடுக்கை கட்டிச் சொல்லிக் கொடுத்த தாத்தாக்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களும் வருவார்கள். ஆற்றில் தொடங்குவதில்லை. அளவெடுத்துப் பார்த்து, படி உள்ள ஒரு கிணற்றில் தொடங்குகிறோம். முதலில் கற்றுக்கொடுப்பது மல்லாந்து மிதப்பது. கட்டணம் இல்லை. பெற்றோரில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

கணக்கு எப்ப காட்டுவீங்க? பணம் மிஞ்சினா?

அன்று இரவே ஒவ்வொரு கடையின் சருவத்தையும் கடைக்காரர், எங்கள் ஆள் ஒருவர், அந்தத் தெருவில் யாராவது ஒருவர் என்று மூன்று பேர் முன்னால் எண்ணி, தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கடைச் சுவரிலேயே ஒட்டுவோம். வாங்கிய பில்கள் தைப்பூசத்துக்கு முன் அதே சுவரில் வரும். மிஞ்சினால் அது சிலிண்டர் சோதனைக் கணக்கில் சேரும். குறைந்தால் பட்டியலின் கடைசியிலிருந்து வெட்டுவோம். படித்துறைக் கயிறுகளில் கை வைக்க மாட்டோம்.

அன்னிக்கு மழை பெஞ்சா?

டீக்கடைக்குள்தானே, நடக்கும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் மட்டும் பாலத்தடிச் செய்முறை கடைத்தெருவுக்கு மாறும், எங்கள் ஆட்களில் பாதிப் பேர் படித்துறைகளில் இருப்பார்கள். அப்போது உங்களில் யாராவது டீ ஊற்ற வந்தால் உதவியாக இருக்கும்.